நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் நடுவில் நாம் விரும்புவது யாரை?

பிச்சிப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தோவாளையைச் சேர்ந்தவள். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டார் பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. பெண் பார்க்க வந்ததும் நிச்சயம் நடந்ததும் ஒரே விடுப்பில் முடிந்துவிட, அடுத்த விடுப்பில் திருமணம் என்று நாள் குறித்துவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு நம் மாவட்டத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்திருக்கும். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் பழகியது முழுக்க வாட்ஸ்அப்பில்தான்.

அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நிதானமான மனிதர் என்பதால் பிடித்துப்போனது. நான் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. வெகு நேரம் கழித்து, நன்றாக யோசித்து எழுதியதுபோல் இரண்டு வரி வரும். எதற்கெடுத்தாலும் குரலை உயர்த்தும் அப்பாவுக்குப் பயந்து வளர்ந்த எனக்கு அந்தத் தாமதமே அவருடைய குணமாகத் தெரிந்தது. கோபத்தில் ஒரு சொல்லையும் கொட்டிவிடாதவர், பிள்ளைகளை அதட்டாதவர், கடைக்காரரிடம்கூடத் தணிந்து பேசுபவர் என்றெல்லாம் அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஒரு முழு மனிதரை நான் வைத்திருந்தேன்.

சென்ற மாதம் அவருடைய தாத்தா காலமானதால் அவசர விடுப்பில் ஊருக்கு வந்தார். பதினாறாம் நாள் சடங்குக்கு எங்கள் வீட்டாரும் போயிருந்தோம். பந்தியில் பருப்புக்கு நெய் விளம்புவதற்கு முன்பே சாம்பார் வாளியோடு வந்துவிட்ட ஒரு பையனை, பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும், அவர் அதட்டிய அதட்டலில் பந்தியே நிமிர்ந்து பார்த்தது. வாளியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தரையில் வைத்தார். சாம்பார் அவருடைய வேட்டியிலேயே தெறித்தது. அன்று மாலை அவருடைய தங்கை பேச்சுவாக்கில், "வேலை செய்யும் இடத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், மைனி; இடைவேளையில்தான் அண்ணனால் எடுக்க முடியும்" என்றாள். நான் நிதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு லாக்கரை.

திருமணத்தை நிறுத்தலாமா என்று நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு நேர் எதிரான ஒருவரை நானே மனத்துக்குள் செய்துகொண்டு, அந்த உருவத்துக்கு இவருடைய பெயரையும் புகைப்படத்தையும் ஒட்டிவைத்திருந்தேனோ என்று தோன்றுகிறது. அப்படியானால் இத்தனை மாதம் எனக்கு இருந்த விருப்பம் யார் மேல் இருந்தது? அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா? படித்தவர்களும் பட்டவர்களும் சொல்லுங்கள்.

குழித்துறை வாத்தியார் எழுதியது:

மக்களே, கேள்வியைத் தெளிவாகவே கேட்டிருக்கிறாய். பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

திருக்குறளின் 129ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்கள் இருக்கின்றன. கண்ணுக்கு மை எழுதும்போது அந்தக் கோல் எழுதப்படும் கண்ணுக்கே தெரியாமல் போவதுபோல, கொண்கனைக் கண்ட இடத்தில் அவனுடைய பழி எனக்குத் தெரிவதில்லை என்று தலைவி சொல்வது 1285ஆம் குறள். காணும்போது அவனிடம் தவறானவை தெரிவதில்லை, காணாதபோது தவறல்லாதவை தெரிவதில்லை என்பது 1286. அவளுக்கு அருகில் வந்தால் குறை மறைகிறது. விலகினால் குறை மட்டுமே தெரிகிறது. உனக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். தொலைவில் இருந்தபோது குறையே இல்லாதவராக இருந்தவர் பந்திக்கு வந்ததும் குறையுள்ளவராகிவிட்டார்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தத் தலைவி பிரிவதற்கு முன்பே அவனோடு வாழ்ந்தவள். அவன் எப்போது பொய் சொல்வான், எதற்கு முகம் சுளிப்பான் என்பதெல்லாம் அறிந்தவள் ஆகையால், பிரிவில் அசைபோடுவதற்கு அவளிடம் உண்மையான குறைகள் கைவசம் இருந்தன. உன்னிடம் அப்படி எதுவும் இல்லை. இன்னும் அறியாத ஒருவரைப் பிரிந்திருப்பதும் அறிந்த ஒருவரைப் பிரிந்திருப்பதும் ஒன்றல்ல. அறியாதவரின் வெற்றிடத்தில் நாம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், தடுக்க ஆளில்லை.

தொல்காப்பியர் கைக்கிளையைப் பற்றிச் சொல்லும்போது, "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்" என்கிறார். எதிர்மொழி பெறாதவன் தானே சொல்லித் தானே மகிழ்ந்துகொள்வது அது. ஏழு திணைகளில் அதை முதலாவதாக எண்ணினாலும் நடுவில் உள்ள ஐந்திணைக்குத் தந்த இடத்தை அதற்குத் தரவில்லை. உன்னுடையதை ஒருதலைக் காமம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் எழுதிய இரண்டு வரிக்கு நீ இருபது பக்க உரை எழுதியிருக்கிறாய். உரை நன்றாக இருந்ததால் மூலமும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய். உரையாசிரியர்களிடம் மயங்கிய தமிழ் மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும் என்பதால் இதில் எனக்கு வியப்பில்லை.

ஆசாரிப்பள்ளத்துக்காரி எழுதியது:

அக்கா, நான் உளவியலில் முதுகலை படிக்கிறேன். சார் சொன்னதையே வேறு வழியில் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெண்டால் 1822இல் காதலைப் பற்றி எழுதிய நூலில் சால்ஸ்பர்க் உப்புச் சுரங்கத்தை எடுத்துக்காட்டினார். இலையுதிர்ந்த கிளை ஒன்றைச் சுரங்கத்துக்குள் போட்டுவிட்டுச் சில மாதம் கழித்து எடுத்தால், அதன் சிறு சிறு குச்சிகள்கூட உப்புப் படிகங்களால் மூடப்பட்டு மின்னும். பழைய கிளை அடையாளமே தெரியாது. விரும்புகிற மனம் விரும்பப்படுகிறவர் மேல் இப்படித்தான் படிகம் படிய விடுகிறது என்றார். அமெரிக்க உளவியலாளர் டோரத்தி டென்னவ் இதே நிலையை நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டறிந்து 1979இல் எழுதினார். அந்தத் தீவிரம் வளர்வதற்கு நம்பிக்கையும் ஐயமும் கலந்திருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. முழு மறுப்பு வந்தால் காலப்போக்கில் அடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போதுதான் மனம் ஓயாமல் கணக்குப் போடுகிறது. தாமதமாக வரும் பதிலைவிட அதற்கு ஏற்ற உரம் வேறில்லை.

ஒரு நல்ல பண்பைக் கண்டதும் மற்றப் பண்புகளும் இருக்கும் என்று முடிவு கட்டுவதை எட்வர்ட் தார்ண்டைக் 1920இலேயே காட்டியிருக்கிறார். படை அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்கு மதிப்பெண் போட்டபோது, உடற்கட்டுக்கும் அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் ஒழுக்கத்துக்கும் போட்ட மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. நீங்கள் நிதானத்திலிருந்து தொடங்கிப் பிள்ளை வளர்ப்பு வரை போனது அதே பாதைதான்.

உங்கள் நிலைக்கு மிகவும் பொருந்துவது ஜோசப் வால்தர் 1996இல் எழுதியது. எழுத்து வழியாக மட்டும் பழகுகிறவர்கள் சில வேளைகளில் நேரில் பழகுகிறவர்களைவிட அதிகமாக நெருங்கிவிடுகிறார்கள் என்றும், அதற்கு இருபக்கமும் பங்கு உண்டு என்றும் அவர் விளக்கினார். எழுதுகிறவருக்குத் தம்மில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கிறது. படிக்கிறவர் கிடைத்த சிறு குறிப்புகளைப் பெருக்கிக்கொள்கிறார். அந்தப் பெருக்கத்துக்கு ஏற்றபடி மறுபக்கத்தவரும் நடக்கத் தொடங்குகிறார். வாட்ஸ்அப் வருவதற்கு வெகு காலம் முன்பே எழுதப்பட்டது இது.

ஆனால் இதையெல்லாம் வைத்துப் பிம்பமே கெட்டது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சாண்ட்ரா முர்ரேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வுகளில், தம் துணையை அவர் தம்மைத் தாமே மதிப்பிடுவதைவிடச் சற்று உயர்வாக மதிப்பிட்டவர்களே அதிக நிறைவோடு இருந்தார்கள். ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, உயர்வாக மதிக்கப்பட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உயர்வைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டதும் தெரிந்தது. அவர்களெல்லாம் நேரில் பழகிய இணைகள் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

வேர்க்கிளம்பி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் பிம்பத்தைப் பற்றிப் பேசினீர்கள். வாளியோடு நின்ற அந்தப் பையனைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். என்னிடம் வரும் பெண்களில் பலர் பேச்சைத் தொடங்குவதே, "நான்தான் அதிகமாக எதிர்பார்த்துவிட்டேன்" என்றுதான். பிறகு மெல்ல மெல்ல அடியும் வசவும் வெளியே வரும். கணவர் எப்படி நடந்தார் என்ற கேள்வியை, நான் அவரை எப்படிக் கற்பனை செய்திருந்தேன் என்ற கேள்வியாக மாற்றிவிட்டால் குற்றம் முழுவதும் கற்பனை செய்தவள் தலையில் வந்து விழுந்துவிடும். மாற்றிக் கொடுப்பதற்கு அம்மாவும் அத்தையும் தயாராக இருப்பார்கள். "சினிமாவைப் பார்த்து ஏதேதோ நினைத்துக்கொண்டால் இப்படித்தான்" என்பது நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் கேட்ட வசனம்!

ஆகவே, தங்கையே, இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். அவர் நிதானமானவர் என்பது உங்கள் ஊகம். அவர் தம்மைவிட வயதிலும் வலுவிலும் குறைந்த ஒருவனைப் பலர் முன்னிலையில் அதட்டி வாளியைப் பிடுங்கினார் என்பது நடந்த செயல். ஊகம் பொய்யானதற்கு அவர் பொறுப்பல்ல. செயலுக்கு அவர்தான் பொறுப்பு. உங்கள் ஊகம் என்னவாக இருந்தாலும், நீங்கள் அவரை முரடர் என்றே நினைத்திருந்தாலும், அந்தச் செயல் அதேதான். துக்க வீடு, தூக்கமில்லாத நாட்கள், பந்தியின் பதற்றம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை அவர் சொல்ல வேண்டும், அவருக்காக நீங்கள் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லத் தொடங்கினால் வாத்தியார் சொன்ன உரை எழுதும் வேலையை மறுபடி எடுத்துக்கொண்டவர் ஆவீர்கள்.

சின்னத்துறை எழுதியது:

வழக்கறிஞர் அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தொலைவில் இருப்பவரைப் பற்றி மனத்துக்குள் உருவம் செய்துகொள்வதை ஏதோ நோய்போல எழுதியிருப்பதைப் பார்த்தால் எங்கள் கடற்கரையில் பாதி வீடுகள் நோயாளி வீடுகள் என்று ஆகும். தூத்தூர் பக்கத்து ஆண்கள் ஆழ்கடல் தங்கலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கரையில் இருக்கும் மனைவி அவரை நினைத்துக்கொண்டுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், கடனுக்குத் தவணை சொல்லுகிறாள், மாமியாரின் சொல்லைப் பொறுக்கிறாள். அவள் நினைக்கும் மனிதர் கரைக்கு வருபவரைவிடக் கொஞ்சம் நல்லவராக இருப்பதில் யாருக்கு என்ன நட்டம்? வந்தபின் நாலு நாள் சண்டை நடக்கும், பிறகு சமாதானமாகும், மறுபடி படகு ஏறுவார், மறுபடி நல்லவராவார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் எங்கள் கிராமங்கள் இழந்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. சித்தப்பா குடிப்பவர், கை நீட்டுபவர் என்பது தெருவுக்கே தெரியும். அவர் போன பிறகு சித்தி வாயிலிருந்து அவரைப் பற்றி ஒரு குறையும் வந்ததில்லை. முதலில் துக்கம் என்று நினைத்தோம். ஆண்டுகள் போகப் போக அவர் மேலும் மேலும் நல்லவராகிக்கொண்டே போனார், மூத்த மகன் எதைச் செய்தாலும், "உன் அப்பாவாக இருந்தால் இப்படிச் செய்திருப்பாரா?" என்ற கேள்விதான். அப்பாவிடம் அடி வாங்கியது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொன்னால் அம்மா அழுவாள் என்பதால் சொல்வதில்லை. வெளிநாட்டில் இருப்பவர் என்றைக்காவது பந்திக்கு வந்து நம் உருவத்தைக் கலைத்துவிடுவார். அந்த வாய்ப்பு சித்திக்கு இல்லை. பிச்சிப்பூ அக்காவுக்கு நடந்ததை நான் நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்.

மண்டைக்காடு எழுதியது:

கன்னியாகுமரி என்ற நம் மாவட்டத்தின் பெயரிலேயே இந்தக் கதை இருக்கும்போது சால்ஸ்பர்க் வரை போக வேண்டுமா? சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை, நாரதர் சேவலாகிக் கூவியதால் முகூர்த்தம் தவறிவிட்டதாக எண்ணிப் பாதி வழியில் திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் கடற்கரை மணலாகக் கிடக்கின்றன. அம்மன் இன்னும் கன்னியாகவே நிற்கிறாள். வராத மாப்பிள்ளையிடம் எவராலும் குறை கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் அந்தக் காத்திருப்பு இவ்வளவு அழகாக நம் மனத்தில் நிற்கிறது.

வேர்க்கிளம்பி எழுதியது:

மண்டைக்காட்டு அண்ணனுக்கு: பாணாசுரனைக் கன்னி ஒருத்தியால்தான் கொல்ல முடியும் என்பதற்காகவே நாரதர் சேவலானார் என்று அதே கதையில் இருக்கிறது. அம்மனுக்கு அங்கே செய்ய வேண்டிய வேலை இருந்தது, அதைச் செய்தும் முடித்தாள். காத்திருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அசுரவதத்தை விட்டுவிடுகிறீர்களே.

ஒட்டுப்பால் எழுதியது:

அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டுபவன் நான். இந்த இழையில் எல்லோரும் உருவம் செய்கிறவர்களின் பக்கத்திலிருந்தே எழுதுகிறீர்கள். உருவமாக்கப்பட்டவனின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுவேன். கன்வென்ஷன் மேடைகளில் தனிப்பாடல் பாடியிருக்கிறேன். அப்படி ஒரு மேடையில் என்னைப் பார்த்த பெண் ஒருத்திக்கு என்னைப் பிடித்திருந்தது. அவளுடைய தோழி வழியாக எண் கிடைத்து, பேசத் தொடங்கினோம். அவள் என்னிடம் பேசும்போதெல்லாம் எனக்கே தெரியாத ஒருவனைப் பற்றிப் பேசுவாள். நான் மென்மையானவன் என்பாள், பக்திமான் என்பாள், உலக ஆசையே இல்லாதவன் என்பாள். எனக்கு உலக ஆசை நிறையவே உண்டு. ஒரு பழைய ஜீப் வாங்க வேண்டும் என்று அப்போது ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் அவள் உறவினர் வீட்டுக்கு எங்கள் பக்கம் வந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடி வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்த பாலை எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பால் தெறித்துத் தெறித்துக் காய்ந்த கைலி அட்டைபோல் விறைத்து நிற்கும். விரல் இடுக்குகளில் கறை. சிரட்டையிலும் வெட்டுப் பட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பாலைச் சேர்த்த சாக்கின் நாற்றத்தைப் பழக்கமில்லாதவர்களால் சில நிமிடம் தாங்க முடியாது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை, மரியாதையாகவே பேசிவிட்டுப் போனாள். ஆனால் அவள் கண்கள் என் மேல் நிற்காமல், என்னைத் தாண்டி யாரையோ தேடுவதுபோல் போய்க்கொண்டிருந்தன. பிறகு அழைப்புகள் குறைந்து நின்றுபோயின.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளபடி சொன்னால், நின்றுபோனபோது எனக்கு ஒரு விடுதலைதான். பிறர் மனத்தில் இருக்கும் நல்லவனுக்கு நாம் வாடகைக்கு உடம்பு கொடுத்திருப்பது பெரிய வேலை. பிச்சிப்பூ அக்கா, நீங்கள் நிதானமான மனிதர் என்று அவரிடமே பல முறை சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால், கோபம் வந்த நாட்களில் அவர் உங்களிடம் எதையெதை மறைத்திருப்பார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். மறைப்பது எப்போதும் ஏமாற்று ஆகாது. சில நேரம் நம்மை நல்லவனாக நினைக்கும் ஒரே ஆளை இழக்க மனம் வராமல் செய்வது.

குழித்துறை வாத்தியார் எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

சின்னத்துறைத் தம்பியின் வாதத்துக்கு வலு சேர்க்க நானே ஒன்று தருகிறேன், என் முந்தைய பேச்சுக்கு எதிராக இருந்தாலும் சரி. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பாராமலே நட்புக் கொண்டவர்கள். சோழன் உறையூரை ஆண்டவன், புலவர் பாண்டிய நாட்டுப் பிசிரூர்க்காரர். சோழன் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் துறக்க வடக்கிருந்தபோது பிசிராந்தையார் நிச்சயம் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்கிறான். பல்லாண்டு கேள்விப்பட்டதே தவிரக் கண்டதில்லையே, வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயுறுகிறார்கள். அவர் வந்தார். வந்து தாமும் வடக்கிருந்து உயிர் விட்டார். புறநானூறு இதைப் பல பாடல்களில் சொல்கிறது. ஆகவே காணாமல் செய்துகொண்ட உருவம் பொய்யாகத்தான் முடியும் என்று விதி ஏதும் இல்லை.

ஆனால் அவர்கள் எதைக் கொண்டு அந்த உருவத்தைச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அரசன் எப்படி ஆண்டான், புலவர் எப்படிப் பாடினார் என்பதற்கு ஊரும் உலகமும் சாட்சி. இருவரும் தம்மைப் பற்றித் தாமே சொன்னதை மட்டும் நம்பவில்லை. நம் ஊரில் சம்பந்தம் பேசும் முன்பு விசாரிப்பு என்று ஒன்று நடக்குமே, அது இந்தச் சாட்சியைத் தேடும் வேலைதான். இப்போது அதுவும் சுருங்கிப்போய், குடி உண்டா, கடன் உண்டா, சொத்து எவ்வளவு, முந்தைய சம்பந்தம் ஏதும் முறிந்ததா என்ற நான்கு கேள்விகளோடு டீக்கடையில் முடிந்துவிடுகிறது. கோபம் வந்தால் என்ன செய்வார், கோபம் தணிந்தபின் என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது கேள்வி முதலாவதைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

ஆசாரிப்பள்ளத்துக்காரி எழுதியது:

சார் சொன்ன இரண்டாவது கேள்வியைத்தான் நானும் கேட்க வந்தேன். அக்கா, சடங்கு முடிந்தபின் அந்தப் பையனிடம் அவர் பேசினாரா? நீங்கள் அதைப் பார்த்தீர்களா? இன்னொன்று: அவர் மனத்தில் உங்களுக்கு என்ன உருவம் இருக்கிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? வால்தர் சொன்னபடி பார்த்தால் பெருக்கிக்கொள்வது இருபக்கமும் நடந்திருக்க வேண்டும்.

பிச்சிப்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், கடைசிக் கேள்விகளை அவரிடமே கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்ததுதான். அவர் மஸ்கட் திரும்பிவிட்டார்.

முதலில் லாக்கர் கதையைச் சொன்னேன். தாமதமான பதில்களை நான் என்னவாக எடுத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். இடைவேளையில் டீயைக் குடிப்பதா, எனக்குப் பதில் எழுதுவதா என்று அவசர அவசரமாகத் தட்டியவைதான் அந்த இரண்டு வரிகள் என்றார். யோசிக்க நேரம் இருந்திருந்தால் நிறைய எழுதியிருப்பாராம். பிறகு அவர் பக்கத்தைக் கேட்டேன். நான் மிகவும் அமைதியான பெண், அதிகம் பேசாதவள், அடக்கமானவள் என்று அவர் அவருடைய அறை நண்பர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். வீடியோ அழைப்பில் நான் பேசாமல் தலையாட்டிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், பாட்டி என் பக்கத்திலேயே வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதுதான். அலுவலகத்தில் என் வாயை அடைக்க ஆள் இல்லை என்பதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் எதுவும் பேசவில்லை. இந்த முறை லாக்கர் காரணம் இல்லை.

ஒட்டுப்பால் அண்ணன் கேட்டது சரி. நிதானமானவர் என்று நான் அவரிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் பேச்சை மாற்றியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பையனைப் பற்றிக் கேட்டபோது பேச்சு அவ்வளவு எளிதாக இல்லை. "அன்றைக்கு ஆயிரம் டென்ஷன்" என்று தொடங்கினார். வழக்கறிஞர் அக்கா சொன்னதை மனத்தில் வைத்து, நான் அவருக்காக எந்தக் காரணமும் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். அந்தப் பையன் அவருடைய பெரியம்மா வீட்டுப் பக்கத்துப் பையன் என்றும், பிறகு அவனிடம் எதுவும் பேசவில்லை என்றும் சொன்னார். ஏன் பேசவில்லை என்றேன். "பேச வேண்டும் என்று தோன்றவில்லை" என்றார். இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய்யாகத் தோன்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இத்தனை மாதம் இருந்த விருப்பம் யார் மேல் என்ற என் பழைய கேள்விக்கு இங்கே பல விடைகள் கிடைத்துவிட்டன. இப்போது அந்தக் கேள்வி எனக்கு முன்புபோல் பெரிதாகத் தெரியவில்லை. இவரோடு எப்படிப் பேசுவது என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. அப்பாவைப் பற்றி அவரிடம் இதுவரை எதுவும் சொன்னதில்லை. வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று பாட்டியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதைப் பேசலாம் என்று இருக்கிறேன்.

வேர்க்கிளம்பி எழுதியது:

பேசுங்கள். முகூர்த்த நாளுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்பதையும் எழுதுங்கள். தேவைப்பட்டால் நாளைத் தள்ளிவைப்பது பற்றி இரு வீட்டாரிடமும் எப்படிப் பேசுவது என்று தனிச்செய்தியில் சொல்கிறேன்.

பிச்சிப்பூ எழுதியது:

முன்பணம் கொடுத்தாயிற்று அக்கா. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.